மாம்பழ மஞ்சளில் ஒரு துண்டு

கொழிஞ்சாம்பாறை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் தையல் கடை வைத்திருக்கும் ராமலட்சுமிக்குக் கை சும்மா இருக்காது. ஆக்கிரி என்கிற பழைய சாமான் கடையில் கைப்பிடி உடைந்த கோப்பை, அடி நசுங்கிய பித்தளைச் சொம்பு என்று எது கிடைத்தாலும் வாங்கி வந்துவிடுவாள். மிஞ்சிய துணியில் மரத்தூளை இறுக அடைத்து, உருண்டையாகச் சுருக்கித் தைத்து, அந்தக் கோப்பையின் அல்லது சொம்பின் வாயில் பதித்தால் ஊசி குத்திவைக்க ஒரு மெத்தை தயார். ஜன்னலில் வரிசையாக இருக்கும். பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் பார்த்து வாங்கிப் போவார்கள்.

அதிலும் ஒரு கண்டிப்பு வைத்திருந்தாள். மிச்சத் துணி கொடுத்தவருக்கே சொந்தம். சுருட்டி, தைத்த ரவிக்கைக்குள் வைத்துத் திருப்பிக் கொடுப்பாள். வேண்டாமென்று வாய்விட்டுச் சொன்னால்தான் எடுப்பாள். தையல்காரி என்றாலே துணி திருடி என்று பேசுகிற ஊரில் பதினோரு வருஷமாக அவள் பேர் கெடவில்லை.

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கையில் மருதாத்தாள் ரவிக்கைக்குக் கொக்கி மாற்ற வந்தாள். கடையில் இன்னும் இரண்டு பெண்கள் இருந்தார்கள். ஜன்னலில் பெரிய சொம்பின் மேல் மாம்பழ மஞ்சளில் பச்சைப் பொட்டுப் போட்ட மெத்தை. கையிலிருந்த ரவிக்கையும் அதே துணி.

“ஏம்மிணி, துணி பத்துலைன்னு ரவிக்கக் கையக் குட்டையா வெச்சயே. இத்தன துணி எங்கிருந்து வந்துச்சு?”

அது அவள் துணியில்லை. போன மாதம் அவள் வீட்டுக்காரர் பெரியமுத்து கொண்டுவந்தது. அம்மாவுக்கும் மகளுக்கும் ஒரே துணி எடுப்பது அந்த வீட்டு வழக்கம். மூன்று வருஷம் முன்னால் மகள் தமிழ்ப்ரியா ஜோமோனைக் கட்டிக்கொண்டு இடுக்கி ஏலத்தோட்டத்துக்குப் போனதும், மருதாத்தாள் மகளைத் தலைமுழுகிவிட்டாள். மகள் பேரை எடுத்தால் சோற்றுத் தட்டைத் தள்ளிவிடுவாள். பெரியமுத்து பொள்ளாச்சியில் ஒரே துணியில் இரண்டு எடுத்து, ஒன்றை மனைவியிடம் கொடுத்துவிட்டு, மற்றதை அவளுக்குத் தெரியாமல், மகள் தபாலில் அனுப்பிய அளவு ரவிக்கையோடு கொண்டுவந்து நின்றார்.

“ஊட்டுல தெரிஞ்சா அவ்ளோதான். துண்டெல்லாம் நீயே வெச்சுக்கம்மிணி,” என்றார்.

பெட்டிக்குள் கிடந்திருக்க வேண்டிய துண்டு. அந்த நிறம் ராமலட்சுமியைச் சும்மா விடவில்லை. ஜன்னலில் வைத்தது அவள் புத்தி.

உண்மையைச் சொன்னால் பேர் பிழைக்கும். மகளுக்கு வீட்டோடு இருந்த ஒரே வழி அடைபடும். ராமலட்சுமி கத்தரியைக் கீழே வைத்தாள்.

“என் தப்புத்தானுங்க்கா. கேக்காம எடுத்துட்டனுங்க.”

காத்திருந்த இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருத்தி தைக்கக் கொண்டுவந்த துணிப்பையை எடுத்துக்கொண்டு நடையைக் கட்டினாள். மருதாத்தாள் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போனாள். அவள் தொண்டைக்கு மைக் செட் தேவையில்லை. மறுநாள், ஊரெல்லாம் தையல்காரர்கள் சாப்பிட நேரமில்லாமல் திணற, ராமலட்சுமி ஜன்னலைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அழுகையைவிட ஆத்திரம்தான் வந்தது. பெரியமுத்து மேல், அந்தத் துணி மேல், எல்லாவற்றையும்விடத் தன் கை மேல்.

மூன்றாம் நாள் காலை மருதாத்தாள் தனியாக வந்தாள். சண்டைக்குத்தான் என்று ராமலட்சுமி எழுந்து நின்றாள். வந்தவளோ அன்றைக்கு அந்தப் பெண் எடுத்துப்போன துணிப்பையை மேஜைமேல் வைத்தாள்.

“நானே போயி வாங்கியாந்தேன். என்ற மிச்சத் துணி எங்கூட்டுலயே இருந்துச்சுன்னு அவகிட்டச் சொல்லிட்டேன்.”

ராமலட்சுமிக்கு ஒன்றும் விளங்கவில்லை.

“எங்கூட்டுக்காரரு தேங்கா மட்டைக்கே சண்டைக்குப் போற மனுசன். உங்கிட்ட வந்து ஒரு வார்த்தை கேளுங்கன்னா, விட்டுருன்னு போயிப் படுத்துக்கிட்டாரு. ரெண்டு நாளாச் சோறு எறங்குல.” நிறுத்தி மூச்சு வாங்கினாள். “எங்கூட்டுல ஒருக்காலும் ஒத்தத் துணி எடுத்ததில்லையே, அம்மிணி.”

மருதாத்தாள் ஜன்னலிலிருந்து சொம்பை எடுத்தாள். மெத்தையைச் சுற்றி விரலால் அளந்தாள். ஒரு தரம், மறுபடியும் ஒரு தரம்.

“எனக்கும் அவளுக்கும் முந்தி ஒரே அளவுதான். எனக்குப் பத்தாத துணி அவளுக்கு இத்தன மிஞ்சியிருக்குது.” சொம்பை மார்போடு அணைத்துக்கொண்டாள். “அளவு பாத்தவ நீதான, சொல்லு. எத்தன இஞ்சு எளச்சிருக்கறா?”