பானெட்டின் சூடு

“பழைய மசில் கார் பாக்கப் போனா வாயைத் தொறக்காதே. மொதல்ல பானெட்டு மேல கைய வை. சூடா இருந்துச்சா, திரும்பிப் பாக்காம வந்துடு.”

அமெரிக்காவின் ஃப்ளின்ட் நகரில், கார்க் கதவுகளுக்குத் தகடு அழுத்தும் தொழிற்சாலையின் சாப்பாட்டு மேசையில் வெர்லன் ஹாஸ்கெட் இதைச் சொல்லாத வாரமே கிடையாது. மசில் கார் என்றால் வேகத்துக்கென்றே செய்த வண்டி, அதன் பெரிய எட்டு சிலிண்டர் வி-எட்டு இன்ஜினில் கோளாறு இருந்தால் குளிர்ந்து கிடக்கும்போதுதான் சத்தம் போடும், சூடேறினால் அடங்கிவிடும். அதை மறைத்து விற்க நினைக்கிறவன் ஆள் வருவதற்கு முன்பே வண்டியை ஒரு சுற்று ஓட்டி வைத்திருப்பான். அப்படிப்பட்டவர்களை வெர்லன் மனிதக் கணக்கிலேயே சேர்க்க மாட்டான். வண்டி வாங்கப் போகிறவர்கள் அவனைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு போவார்கள். அந்தப் பெருமையில்தான் அவன் பாதி வாழ்ந்துகொண்டிருந்தான்.

அவனிடமும் அப்படி ஒரு மசில் கார் இருந்தது. ஆரஞ்சு நிறம், கறுப்புக் கோடுகள், செகண்ட் ஹேண்டில் வாங்கியது. பார்க்க ராஜாதான். ஆனால் ராஜாவுக்குச் செய்ய வேண்டிய சேவகம் ஓயவில்லை. பின் டயர் இரண்டும் கரைந்துகொண்டே இருந்தன, பெட்ரோல் போன இடம் தெரியவில்லை, தாழ்ந்த சீட்டிலிருந்து எழுந்திருக்கும்போது முழங்கால் இரண்டும் அழுதன. போன வசந்தத்திலிருந்து இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. காலையில் சாவியைத் திருப்பினால் இன்ஜினுக்குள் டிக் டிக் என்று ஒரு சத்தம்.

‘எக்ஸாஸ்ட் போல்ட் ஏதாவது ஒடிஞ்சிருக்கும்’ என்று அவன் தனக்கே சொல்லிக்கொண்டான். அது சின்ன வேலை. உள்ளே வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட்டே தேய்ந்துகொண்டிருக்கலாம், அப்படியானால் பெரிய செலவு என்பதும் அவனுக்குத் தெரியும். பிரித்துப் பார்த்தால் ஒரு மாலையில் தெரிந்துவிடும். வண்டியை விற்றுவிடத் தீர்மானித்திருந்த அவன் பிரிக்கவில்லை. தெரிந்துகொண்டால் வாங்க வருகிறவனிடம் சொல்ல வேண்டியிருக்குமே.

வாங்க வந்தவன் எமில். பக்கத்து அழுத்து எந்திரத்தில் நிற்பவன், இருபது வருட சிநேகிதன். சாப்பாட்டு மேசையில் தினமும் வெர்லன் இடம் பிடித்து வைப்பது அவனுக்குத்தான். ஓய்வு பெறும் முன் ஒரு வி-எட்டாவது ஓட்டிவிட வேண்டும் என்று கிடந்தவன்.

“சனிக்கிழமை வரேன்யா. வழக்கம்போலத்தான், நான் வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதே” என்று சொல்லிவிட்டுச் சிரித்தான் எமில். “உங்கிட்டப் போய் இதைச் சொல்றேன் பாரு!”

சனிக்கிழமை காலை வானம் அழுக்குத் துணி போல மூடிக் கிடந்தது. வெர்லன் கராஜைத் திறந்து, சாவியைத் திருப்பி, டிக் டிக்கைக் கேட்டபடி நெடுஞ்சாலை வரை போய்த் திரும்பி வந்தான். சத்தம் அடங்கியிருந்தது. அவன் மனைவி லோர்னா காபிக் கோப்பையுடன் வாசலில் நின்றிருந்தாள்.

“எமில் வர்ற நேரத்துல எங்கே போயிட்டு வரே?”

“பெட்ரோல் போட” என்றான். அவள் மேற்கொண்டு கேட்கவில்லை. கேட்டிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பானோ என்னவோ.

எமில் வந்தான், வண்டியைச் சுற்றி வந்தான், பிறகு சடங்கு போல பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்தான். வைத்த கையை எடுக்கவில்லை.

“வெயில்ல நின்னுச்சு” என்றான் வெர்லன்.

எமில் வானத்தைப் பார்க்கவில்லை. வெர்லன் முகத்தைத்தான் பார்த்தான். “வேற ஏதாவது சொல்லணுமா எங்கிட்ட?”

“என்ன சொல்லணும்? பட்டு மாதிரி ஓடும்.”

“சரி” என்று சொல்லி எமில் பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டுச் சாவியை வாங்கிக்கொண்டான்.

திங்கட்கிழமை பனி உறைந்து கிடந்தது. ஷிஃப்ட் முடிந்து தொழிற்சாலை வாகன நிறுத்தத்துக்கு வந்தவர்கள் ஆரஞ்சு வண்டியைச் சுற்றி நின்றுகொண்டார்கள். நாள் முழுக்கக் குளிரில் விறைத்துக் கிடந்த இன்ஜினை எமில் கிளப்பினான். டிக், டிக், டிக். வாகன நிறுத்தம் முழுக்கக் கேட்டது.

“என்னய்யா இது, உள்ளே எவனோ தையல் மெஷின் ஓட்டுறான்!” என்று கத்தினான் வாய்த்துடுக்கு டூலி. “யோவ் வெர்லன், ஊருக்கெல்லாம் கை வெச்சுப் பாக்குற மகானே, உன் வண்டிய விக்கிறப்போ கை எங்கே போச்சு?”

எல்லோரும் திரும்பினார்கள். வெர்லனுக்குக் காது மடல் எரிந்தது.

“வாயை மூடுடா டூலி” என்றான் எமில், ஜன்னல் வழியாக. “மொதல்லயே சொல்லித்தான் வித்தான். தெரிஞ்சேதான் வாங்கினேன். அப்படித்தானே வெர்லன்?”

வெர்லன் தலையை ஆட்டினான். ஆட்டிய பிறகுதான் தான் செய்தது அவனுக்கே உறைத்தது.

“அதானே பாத்தேன், நம்ம வெர்லனா ஏமாத்துவான்” என்று டூலி அவன் முதுகில் தட்டிவிட்டுப் போனான். கூட்டம் கலைந்தது. அத்தனை பேர் முன்னால் எமில் காறித் துப்பியிருந்தால்கூட வெர்லன் தாங்கியிருப்பான். அவன் ஜன்னலருகே போய்க் குனிந்தான்.

“எமில், பணத்தைத் திருப்பித் தந்துடறேன். வண்டியக் குடுத்துடு.”

“வேணாம். வண்டி எனக்குப் பிடிச்சிருக்கு. பிரிச்சு வேலை பாத்துக்குவேன்.”

“அப்புறம் ஏன்யா எனக்காகப் பொய் சொன்னே?”

எமில் ஸ்டீயரிங்கைப் பார்த்துக்கொண்டே பேசினான். “இருபது வருஷத்துக்காகச் சொன்னேன். பானெட்டத் தொட்டதுமே தெரிஞ்சுபோச்சு. இதோ சொல்லுவே, இதோ சொல்லுவேன்னு காத்துக்கிட்டே இருந்தேன். சாவி கைக்கு வர்ற வரைக்கும் காத்திருந்தேன். சத்தம் இருக்குன்னு சொல்லியிருந்தாலும் வாங்கித்தான் இருப்பேன்.”

“தப்புப் பண்ணிட்டேன்” என்றான் வெர்லன்.

“ம்” என்றான் எமில். கியரைப் போட்டான். “நாளைக்குச் சாப்பாட்டுக்கு எனக்கு இடம் பிடிச்சு வைக்காதே.”