சௌந்தரபாண்டியன் உடைத்த கார்டு

அருப்புக்கோட்டையில் ஸ்டூடியோ வைத்திருந்த சௌந்தரபாண்டியனுக்கு எதையும் தன் கையாலேயே செய்து பார்த்துவிட வேண்டும். வீடியோ எடிட் பண்ணுகிற கம்ப்யூட்டர் இழுத்து இழுத்துத் தவங்க ஆரம்பித்ததும் மெக்கானிக் யாரையும் கூப்பிடவில்லை. மதுரைக்குப் போய் மதர்போர்டும் பிராசஸரும் வாங்கிவந்து தானே மாட்டினார். "ரேமையும் ஜோடியா ஒரே கம்பெனியில வாங்கிக்கங்க" என்று கடைக்காரர் சொன்னதற்கு, "பழசு நல்லாத்தான இருக்கு, பக்கத்துல புதுசு ஒண்ணு போட்டாப் போதும்" என்று சொல்லிவிட்டார். புது ரேம் வேறு கம்பெனி. செட்டிங்கில் அதற்கேற்ற வேகத்தையும் கூட்டி வைத்தார். கம்ப்யூட்டர் பறந்தது. இரண்டொரு தடவை திரை நீலமாகி அணைந்தபோது, புது மெஷின், போகப் போகச் சரியாகிவிடும் என்று விட்டுவிட்டார்.

அதில் முதலில் ஏற்றியது நரிக்குடிப் பூமிநாதன் வீட்டுக் காதுகுத்து வீடியோ. எடுத்தவன் மருதுபாண்டி. திருச்சுழிக்குப் பக்கத்து ஊர்க்காரன், கல்யாணம் காட்சி என்று பல வருஷமாக அவருக்குக் கேமரா பிடிப்பவன். பூமிநாதனும் அவர் மனைவி தங்கலட்சுமியும் பாட்டுத் தேர்ந்தெடுக்க ஸ்டூடியோவுக்கு வந்திருந்தார்கள். கேமராப் பையும் கையில் மெமரி கார்டுமாக மருதுபாண்டியும் பக்கத்தில் நின்றான். தாய்மாமன் மடியில் பிள்ளையை உட்கார வைக்கிற இடம் வந்ததும் படம் பச்சையும் சிவப்புமாகக் கட்டம் கட்டமாய்ச் சிதறியது. சத்தம் கரகரத்து நின்றது. மறுபடி ஓட்டினார், மறுபடி அதே.

"என்ன அண்ணாச்சி இது?" என்றாள் தங்கலட்சுமி. "எங்கண்ணன் இதுக்குன்னே குவைத்துல இருந்து வந்து, ஒரு வாரத்துல திரும்பிப் போச்சு. அது மடியில வச்ச எடமே காணோமே."

பூமிநாதன் எழுந்துவிட்டார். குரல் தெருவுக்குக் கேட்டது. பக்கத்துக் கடைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். சௌந்தரபாண்டியனுக்கு முகம் சுண்டிப்போயிற்று. நேராக மருதுபாண்டியிடம் திரும்பினார்.

"மலிவா கெடக்குன்னு கண்ட கார்ட வாங்கிப் போட்டா இப்பிடித்தான். என் பேரக் கெடுத்துட்டியேடா."

"கார்டு நல்ல கார்டுதான் அண்ணாச்சி. கேமராவுல போட்டு ஒருக்கா ஓட்டிப் பாத்துருவோமே."

"என்னத்தப் பாக்க? இன்னும் பாக்க என்ன இருக்கு?"

அவன் கையிலிருந்த மெமரி கார்டைப் பிடுங்கி, எல்லோரும் பார்க்க, இரண்டாக உடைத்துக் குப்பைக்கூடையில் போட்டார். பூமிநாதனின் கோபம் அந்த நிமிஷமே மருதுபாண்டி பக்கம் திரும்பியது. வேலை தெரியாதவன், குடிச்சிட்டு எடுத்திருப்பான் என்று வாய்க்கு வந்தபடி பேசினார். சௌந்தரபாண்டியன் தடுக்கவில்லை. மருதுபாண்டி கேமராப் பையை மேஜைமேல் வைத்துவிட்டுப் படி இறங்கிப் போனான். மறுநாள் வேலைக்கு வரவில்லை.

அடுத்த முகூர்த்தத்துக்குப் பாலவனத்தத்தில் ஒரு நிச்சயதார்த்தம். கேமரா பிடிக்க ஆள் இல்லாமல் சௌந்தரபாண்டியனே எடுத்தார், புதுக் கார்டில். கம்ப்யூட்டரில் ஏற்றித் திறந்து பார்த்தார். மாலை மாற்றுகிற இடத்தில் அதே பச்சைக் கட்டங்கள்.

கார்டைக் கேமராவில் போட்டு ஓட்டினார். படம் பளிச்சென்று, ஒரு குறையும் இல்லாமல் ஓடியது.

கம்ப்யூட்டரைக் கழற்றி உட்கார்ந்தார். ரேமைச் சோதிக்கிற புரோகிராமை ஓடவிட்டதும் திரை முழுக்கத் தப்பைக் காட்டும் சிவப்பு வரிகள். பழைய ரேமை எடுத்துவிட்டுப் புதியதை மட்டும் வைத்தார். ஒரு தப்பும் இல்லை. புதியதை எடுத்துவிட்டுப் பழையதை மட்டும் வைத்தார், அதுவும் சுத்தம். இடம் மாற்றி மாற்றிச் செருகினார். தனித்தனியாக இரண்டும் நல்லவை. சேர்த்து வைத்தால் மட்டும் சிவப்பு. கடைசியில் கூட்டி வைத்திருந்த வேகத்தைக் குறைத்தார். இப்போது இரண்டும் சேர்ந்தே சுத்தமாக ஓடின. வேறு வேறு கம்பெனி ரேம் இரண்டும் சேர்ந்து அந்த வேகத்துக்கு ஈடு கொடுக்க முடியாமல் திணறியிருக்கின்றன. அந்தத் திணறலில், கார்டிலிருந்து காப்பியாகும்போதே வீடியோ கெட்டிருக்கிறது. நிச்சயதார்த்தத்தை மறுபடி காப்பி எடுத்தார். முழுசாக வந்தது.

அப்படியானால் காதுகுத்தும் முழுசாக வந்திருக்கும், கார்டு இருந்திருந்தால்.

சாப்பாடு கொண்டுவந்த மனைவி சுகப்பிரியா, திறந்து கிடந்த கம்ப்யூட்டரைப் பார்த்தாள். "என்னங்க, சரியாப் போச்சா?"

"சரியாப் போச்சு," என்றார். சோற்றைப் பிசைந்து அப்படியே வைத்துவிட்டார். "கேமராவுல போட்டுப் பாப்போம்னு அவன் சொன்னான், பிரியா. ஒரு நிமிஷ வேல. நான் பாக்கல."

"போயிச் சொல்லுங்க," என்றாள் அவள்.

"என்னன்னு சொல்ல?"

"எங்கிட்டச் சொன்னதத்தான்."

மறுநாள் காலையில் பைக்கை எடுத்துக்கொண்டு புறப்பட்டார். திருச்சுழி தாண்டிக் கருவேலங்காட்டுக்கு நடுவே போகிற பாதையில் இரண்டு தடவை வண்டியை நிறுத்தினார். திரும்பிவிடலாமா என்றிருந்தது. மருதுபாண்டி வீட்டு வாசலில் லோடு ஆட்டோவில் ஆடுகளை ஏற்றிக்கொண்டிருந்தான். அவரைப் பார்த்ததும் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு, "வாங்க அண்ணாச்சி" என்றான். அந்த மரியாதை அவரை என்னவோ செய்தது.

நடந்ததை நின்றபடியே சொன்னார். ரேம், வேகம், நிச்சயதார்த்தம் எல்லாம். மருதுபாண்டி ஆட்டோவின் கதவைப் பிடித்துக்கொண்டு கேட்டான்.

"அப்ப கார்டு நல்லாத்தான் இருந்துச்சா?"

"நல்லாத்தான்ப்பா இருந்துச்சு."

"நீங்க அம்புட்டு அழுத்திச் சொன்னதும் நானே நம்பிட்டேன் அண்ணாச்சி. ஒரு வீட்டு விசேஷத்தப் பாழாக்கிட்டமேன்னு கேமராவத் தொடவே கை கூசிச்சு. ரெண்டு பேரு கூப்புட்டாக. வரலன்னுட்டேன்."

சௌந்தரபாண்டியன் மன்னிப்புக் கேட்க யோசித்து வைத்திருந்த வார்த்தைகள் எதுவும் அதற்குமுன் நிற்கவில்லை. "தப்புப் பண்ணிட்டேன்ப்பா" என்றார். அவ்வளவுதான் வந்தது.

"எங்கிட்டச் சொல்லி என்ன? நரிக்குடியில சொல்லுங்க. அங்கதான நான் குடிகாரனாக் கெடக்கேன்."

ஆடுகளைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டு அவனும் பைக்கில் ஏறினான்.

பூமிநாதன் வீட்டில் சௌந்தரபாண்டியன் உட்காராமலே சொன்னார். "இவன் எடுத்ததுல ஒரு கொறையும் இல்ல. கெட்டது எங் கம்ப்யூட்டரு. நல்லா இருந்த கார்ட உடைச்சதும் நாந்தான். இனி அது வராது."

பூமிநாதன் தலையைக் குனிந்துகொண்டார். தங்கலட்சுமி உள்ளே போய் ஒரு சொம்புத் தண்ணீரோடு வந்து மருதுபாண்டியிடம் நீட்டினாள். "அன்னைக்கு ஒங்கள என்னென்னமோ பேசிப்புட்டோம். மனசுல வச்சுக்கிறாதீக." சௌந்தரபாண்டியனை அவள் பார்க்கவே இல்லை. திட்டியிருந்தால் தேவலை என்று அவருக்கு இருந்தது.

மருதுபாண்டி தண்ணீரைக் குடித்துவிட்டுக் கேட்டான். "விசேஷத்துக்கு வந்தவுக யாராவது போன்ல பிடிச்சிருப்பாகளே அக்கா?"

அதை யாருமே யோசித்திருக்கவில்லை. பூமிநாதன் சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டார். பொழுது சாய்வதற்குள் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில துண்டுகள் வந்து சேர்ந்தன. ஒன்றில் யாரோ ஒருவரின் தோள் மறைத்தது. ஒன்று ஆடிக்கொண்டே இருந்தது. ஒன்றில் மட்டும் தாய்மாமன் முகமும், வீறிட்டு அழுகிற பிள்ளையும் கொஞ்ச நேரம் தெளிவாகத் தெரிந்தன.

மருதுபாண்டி ஸ்டூடியோவுக்கு வந்து உட்கார்ந்து, படம் சிதறிய இடத்தில் அவற்றைக் கோத்துக் கொடுத்தான். அவன் எடுத்த படத்தின் அழகு அதில் இல்லை. ஆனாலும் தங்கலட்சுமி பார்த்து அழுதாள், வாங்கிக்கொண்டாள்.

"பழையபடி வந்துரேன்ப்பா," என்றார் சௌந்தரபாண்டியன், அவன் கிளம்பும்போது.

"இல்ல அண்ணாச்சி. காரியாபட்டியில ஒருத்தரு கூப்புட்டுருக்காரு. அங்க போறேன்." கோபமில்லாமல்தான் சொன்னான்.

சில நாள் கழித்துக் காரியாபட்டி ஸ்டூடியோக்காரர் போன் பண்ணினார். "உங்ககிட்ட இருந்த பையன் இங்க வந்திருக்கான். ஏதோ காதுகுத்து வீடியோவக் கெடுத்துட்டான்னு இங்கிட்டு ஒரு பேச்சு. என்ன விஷயம்?"

கடையில் வாடிக்கையாளர்கள் இருந்தார்கள். சௌந்தரபாண்டியன் குரலைத் தணிக்கவில்லை. "அவன் கெடுக்கல. கெடுத்தது நான்," என்று ஆரம்பித்து, மதர்போர்டு மாற்றியதிலிருந்து ஒவ்வொன்றாகச் சொன்னார்.