வளைவில் திரும்பாத லொறி

"கொஞ்சம் ஆட்டுங்க தம்பி" என்று லொறிக்கு அடியிலிருந்து ஹபீல் குரல் கொடுத்தார். ஓட்டுநர் இருக்கையில் இருந்த கணேஸ் ஸ்டியரிங்கை இடமும் வலமுமாகத் திருப்பினான். அது அவன் கையில் அரைச் சுற்றுவரை இலேசாகச் சுழன்றது. கீழே முன் டயர்கள் அசையவில்லை.

"போதும். எறங்கி வந்து பாருங்க."

கம்பளை ஆற்றோரத்தில் இருந்த அந்தக் கராஜுக்குக் கணேஸ் அன்று காலைதான் லொறியை இழுத்துக்கொண்டு வந்திருந்தான். தெல்தோட்டைப் பக்கத்துத் தோட்டங்களில் தேயிலைக் கொழுந்து ஏற்றும் லொறி. சொந்தமாக அவனிடம் இருந்த ஒரே வாகனம். இரண்டு மாதத்துக்கு முன் ஒரு வளைவில் திரும்பாமல் நேரே போய்த் தேயிலைச் செடிகளுக்குள் இறங்கியது. அன்று ஓட்டியவன் அவன் மனைவி மதனியின் தம்பி வினோதன். தொடை எலும்பு இரண்டாக முறிந்து, கண்டியில் சத்திரசிகிச்சை செய்து, இரும்புத் தகடு வைத்து வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். வேறு வண்டியோ ஆளோ அடிபடவில்லை. பையன் கண்ணயர்ந்துவிட்டான் என்று தோட்டத்தில் எல்லோரும் சொன்னார்கள். கேட்டுக் கேட்டு வினோதனும் அதையே சொல்லத் தொடங்கிவிட்டான்.

கணேஸ் குனிந்து பார்த்தான். ஸ்டியரிங்கிலிருந்து கீழே, டயர்களைத் திருப்பும் பெட்டிக்கு இறங்கும் இரும்புத் தண்டை ஹபீல் கழற்றி வெளியே எடுத்திருந்தார். அதன் நுனியைச் சுற்றி ஓடவேண்டிய பற்கள் ஒரு பக்கம் முழுவதும் வழித்தெடுத்ததுபோல் மழுங்கிக் கிடந்தன. பெட்டியின் அடியில் எண்ணெய் கசியாமல் அடைக்கும் ஒயில் சீல் வெடித்து, கறுப்பாக ஒழுகியிருந்தது.

"இது நேத்து முந்தாநேத்து ஒழுகின ஒயில் இல்ல" என்றார் ஹபீல். திருப்புளி முனையால் அதைச் சுரண்டினார். பட்டை பட்டையாகப் பெயர்ந்தது. "புழுதி படிஞ்சி, அதுக்கு மேல ஒயில் படிஞ்சி, கல்லு மாதிரி ஈக்கி. எத்தின மாசமா?"

"கவனிக்கல, ஹபீல் நானா."

ஹபீல் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே அவனைப் பார்த்தார். "சீட்டுக்குப் பின்னுக்கு நாலு வெறும் ஒயில் போத்தல் ஈக்கே."

ஒழுக ஒழுக ஊற்றிவந்த அந்தப் போத்தல்களை எறியக் கணேஸ் மறந்திருந்தான்.

"மச்சினன் தூங்கிட்டார்னு தானே கதெ? தூங்கினவன் திருப்பினாலும் முழிச்சவன் திருப்பினாலும் இது திரும்பி ஈக்காது தம்பி."

பிறகு அவர் வெடித்த ஒயில் சீலை நெம்பி எடுத்தார். உள்ளே மண்ணெண்ணெய் விட்டுக் கழுவினார். புதுச் சீலின் ரப்பர் விளிம்பு கிழியாதபடி பெட்டியிலிருந்து நீளும் அச்சின் பற்களுக்கு மேல் டேப் சுற்றி, கிறீஸ் தடவி, சுத்தியலால் சுற்றிவரத் தட்டித் தட்டி இறக்கினார். புதுத் தண்டைப் பொருத்துமுன் டயர்கள் நேராக நிற்கின்றனவா என்று இரண்டு தரம் பார்த்துக்கொண்டார். ஒரு குழந்தைக்குச் சட்டை போட்டுவிடும் பொறுமை அவர் கைகளில் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நிற்கக் கணேஸால் முடியவில்லை. ஆற்றுப் பக்கம் போய் நின்றான்.

தை மாதத்திலேயே அவனுக்குத் தெரியும். முதலில் சின்ன ஆட்டம். வளைவு வருமுன்பே ஸ்டியரிங்கைக் கொஞ்சம் முந்தித் திருப்பிப் பிடித்துக்கொண்டால் சரியாகிவிடும். பிறகு அந்தக் கொஞ்சம் கால் சுற்றானது. கைகள் பழகிக்கொண்டன. ஒயில் ஒழுகுவதை மட்டும் கண்ட மதனி, கராஜுக்குக் கொண்டுபோகச் சொல்லி எத்தனையோ தரம் சொன்னாள். கொழுந்து மலிந்த காலம். இரண்டு நாள் லொறி நின்றால் கொழுந்து ஏற்றும் ஓட்டம் வேறொருவன் கைக்குப் போய்விடும். காய்ச்சலில் எழும்ப முடியாமல் கிடந்த அந்தக் காலையில், சாவியைக் கொடுத்து, "பாரம் கூட, பிரேக்கைப் பாத்துக்க" என்று மட்டும் வினோதனிடம் சொன்னான். ஸ்டியரிங் ஆட்டத்தைப் பற்றியது நாக்கின் நுனிவரை வந்தது. அதைச் சொன்னால் வினோதன் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடுவான் என்பதும் தெரியும். போர்வையை இழுத்துக்கொண்டான்.

விபத்துக்குப் பிறகு லொறியை டிராக்டரில் கட்டி இழுத்தபோது ஸ்டியரிங்கைப் பிடித்தவனும் அவன்தான். அது வெறுமனே சுழன்றதை வேறு யாரும் பார்க்கவில்லை.

ஹபீல் முன்பக்கத்தை ஜாக்கியால் தூக்கிப் புது ஒயில் ஊற்றி, காற்று வெளியேறும்வரை ஸ்டியரிங்கை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை மெதுவாகத் திருப்பினார். டயர்கள் கூடவே திரும்பின. புறப்படும்போது பழைய தண்டைக் கணேஸ் கேட்டு வாங்கினான். ஹபீல் அதை ஒரு பத்திரிகைத் தாளில் சுற்றிக் கொடுத்தார்.

கலஹா மலைப்பாதை ஏறி வீடு வந்து சேர்ந்தபோது பின்னேரம் தூறிக்கொண்டிருந்தது. வினோதன் வாசல் கதிரையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். ஊன்றுகோல்கள் சுவரில் சாய்ந்திருந்தன. மதனி உள்ளே அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"சரியாயிருச்சா மச்சான்?"

"ம்."

"இன்னைக்கி அந்த ஸ்கூல் வேன்காரர் போன்ல கோல் எடுத்தாரு. கால் சரியானதும் வாங்கன்னாரு. வேணான்னுட்டேன்." வினோதன் சிரிக்கப் பார்த்தான். "புள்ளைங்கள ஏத்திக்கிட்டுப் போகும்போது தூங்கிட்டேன்னா? நான் இனிமே ஸ்டியரிங் புடிக்க மாட்டேன்."

கண்டியில் பாடசாலை வேன் ஓட்டுவது அவன் இரண்டு வருடமாகக் காத்திருந்த வேலை. கணேஸ் பத்திரிகைத் தாளைப் பிரித்துத் தண்டை அவன் மடியில் வைத்தான். படியில் உட்கார்ந்துகொண்டான்.

"நீ தூங்கல வினோதன். இதான் பல்லு தேஞ்சி வழுக்கியிருக்கு. தையிலருந்தே எனக்குத் தெரியும்."

வினோதன் தண்டைத் தூக்கிப் பார்த்தான். மழுங்கிய இடத்தைக் கட்டைவிரலால் தடவினான். தடவிக்கொண்டே இருந்தான்.

"அப்ப நான் முழிச்சுதான் இருந்தேன்" என்றான், தனக்குத்தானே. "திருப்புனேன் மச்சான். நல்லா திருப்புனேன். கனவுல திருப்புனேனாக்கும்னு நெனச்சேன்."

மதனி ஈரக் கையோடு வாசலில் நின்றாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை.

"எனக்குத்தான் சொல்லல. அன்னைக்கி காலையில அவனுக்காவது சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா ஓட்ட மாட்டான்" என்றான் கணேஸ்.

திட்டுவாள் என்று அவன் காத்திருந்தான். அவள் தம்பியின் தோளில் கையை வைத்தாள். அந்த ஈரம் வினோதனின் சட்டையில் பரவியது.

வினோதன் கணேஸிடம் கையை நீட்டினான். "சாவியக் குடுங்க."

"இந்தக் காலோட எப்படி..."

"ஓட்டல. குடுங்க."

தாங்கிப் பிடிக்க வந்த கணேஸை அவன் தள்ளிவிட்டான். அக்காவின் தோளையும் ஊன்றுகோலையும் பிடித்துக்கொண்டு முற்றத்தைக் கடந்தான். லொறியில் ஏற அவனுக்கு நீண்ட நேரம் பிடித்தது. ஒருமுறை வலியில் கத்தினான். இஞ்சின் உறுமியது. கணேஸ் எழுந்து போய் லொறிக்கு முன்னால் நின்றான். அங்கே போய் ஏன் நின்றான் என்று அவனுக்கே தெரியவில்லை. கண்ணாடியில் தூறல் வழிந்ததால் உள்ளே இருப்பவனின் முகம் தெரியவில்லை. கீழே முன் டயர்கள் மட்டும் தெரிந்தன. ஈர மண்ணை அரைத்துக்கொண்டு அவை மெதுவாக இடப்பக்கம் திரும்பின. நின்றன. பிறகு வலப்பக்கம். மறுபடியும் இடப்பக்கம்.