மூன்றை மாற்றினால் போதும்

1

“அவங்க பேசும்போது கையை என்ன பண்ணுவாங்க?”

எங்கள் வீட்டில் பதினாறு நாள் தங்கியிருந்த விருந்தாளி என்னிடம் கேட்ட கேள்வி இது. இந்தக் கதை இங்கிருந்துதான் தொடங்குகிறது என்று எழுதினால் நன்றாக இருக்கும். ஆனால் அது பாதி உண்மை. போன மாதம் அதே விருந்தாளி தன் நாட்டிலிருந்து தொலைபேசியில் கூப்பிட்டு, “நடந்த தப்பை அப்படியே எழுதிக் கொடு தங்கச்சி. பேரை மட்டும் மாத்திடு. எங்க அடுத்த பயிற்சிக்கு வர்றவங்க எல்லாரும் அதைப் படிக்கணும்” என்றார். முடியாது என்று சொல்ல வாயைத் திறக்க வேண்டும். எனக்கு அது சுலபமல்ல. தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு தலையை ஆட்டினேன், இப்படியும் அப்படியும். அவர் அந்த மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொண்டார்.

அவருக்காகத்தான் இதை எழுத ஆரம்பித்தேன். இது அவருக்குப் போகாது.

2

ஆட்களைச் சொல்லிவிடுகிறேன். நான்கே பேர்தான்.

அக்கா என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். ஏட்டில் இருக்கிற மருந்தும் தண்ணீரும் வாத்தியாரும் நிஜத்திலும் இருக்கிறார்களா என்று நேரில் போய்ப் பார்த்து, இல்லையென்றால் அதிகாரிகளைக் கேள்வி கேட்கும் ஒரு சின்ன அமைப்பில் வேலை செய்கிறாள். விருந்தாளி வேறொரு நாட்டில் அதே வேலையைச் செய்பவர். ஒருவர் வேலையை ஒருவர் போய்ப் பார்த்துக் கற்றுக்கொள்வது ஏற்பாடு. முந்தின வருஷம் அக்கா அங்கே போனாள், அடுத்த வருஷம் அவர் இங்கே வந்தார். நம் மொழி அவருக்கு அம்மா வழியில் வந்தது. பேசுவார், படிக்கத் தெரியாது. மூன்றாவது, மருந்துக்கார அம்மா. அரசு மருத்துவமனையில் ஜன்னலுக்குப் பின்னால் நின்று மாத்திரை கொடுப்பவர்.

நான்காவது நான். எட்டாம் வகுப்பில் ஒருநாள் பாடத்தைச் சத்தமாக வாசிக்கச் சொன்னார்கள். எழுந்து நின்றேன். மணி அடிக்கும்வரை நின்றுகொண்டே இருந்தேன். மறுநாள் போகவில்லை, அதற்கு மறுநாளும் போகவில்லை. பிறகு எழுதுவதற்கு நோட்டுப் புத்தகங்கள் வந்தன. அவை பீரோவுக்குப் பின்னால் இருந்தன. (இப்போது அங்கே இல்லை. அக்கா, இதைப் படித்தால் தேடாதே.) அக்கா எனக்கு வைத்திருக்கும் பெயர் ஊமைக்கோட்டான்.

3

கைவிட்ட தொடக்கங்கள்:

“மழை பெய்துகொண்டிருந்த ஒரு மாலையில் மருந்துக்கார அம்மா எங்கள் கதவை —”
மழை பெய்யவில்லை. எனக்கு மழை பிடிக்கும், அதனால் பெய்தது.

“ஊழலுக்கு எதிரான நெடிய பயணத்தில் எளிய மனிதர்களின் —”
இது அக்காவின் இயக்குநர் மைக்கைப் பிடித்தால் வருகிற குரல்.

“அவர் மிகவும் துணிச்சலான பெண்.”
இல்லை. அவர் பயந்தார். பயந்துகொண்டே வந்தார்.

வெயில் காயும் ஒரு சனிக்கிழமைப் பிற்பகல். முன்னறை ஜன்னல் தெருவைப் பார்த்து இருப்பதால், மருந்துக்கார அம்மா சமையலறையிலேயே உட்கார்ந்துகொள்வதாகச் சொன்னார். அக்காவும் விருந்தாளியும் தரையில் உட்கார்ந்தார்கள். நான் அடுப்பில் தேநீரை வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

காலாவதியான மருந்துப் பெட்டிகள் மாடி அறைக்குப் போகின்றன, புதுத் தேதி ஒட்டிக்கொண்டு கீழே இறங்கி வருகின்றன. அவர் சொன்னது அவ்வளவுதான். சொல்லி முடிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று.

“குழந்தைங்களுக்கு ஊத்தற மருந்தும் அதுல இருக்கு. அதான் வந்தேன். இல்லாட்டி வாயைப் பொத்திக்கிட்டு இருந்திருப்பேன்.”

“நீங்க வந்ததே பெரிய விஷயம்க்கா.”

“வெளியே தெரிஞ்சா என்னைத் தூக்கி எங்கயாவது போட்டுடுவாங்க. எங்க வீட்டுக்காரருக்குப் பார்வை போயி ரெண்டு வருஷம் ஆச்சு, நடக்கவும் முடியாது. மத்தியானம் ஓடிப்போயி அவருக்கு ஊட்டிட்டு ஓடியாரேன். ஆஸ்பத்திரியும் வீடும் பக்கத்துல இருக்கறதாலதான் பொழப்பு நடக்குது.”

“வெளியே தெரியாதுக்கா” என்றாள் அக்கா. “ பேரு, ஊரு, வயசு. மூணை மாத்தினா போதும். இத்தனை வருஷத்துல ஒருத்தரும் மாட்டினதில்லை.”

அவர் என்னைப் பார்த்தார். “இந்தப் பொண்ணு?”

“என் தங்கச்சி. அவகிட்ட சொன்னது கிணத்துல போட்ட கல்லு” என்றாள் அக்கா. மூவரும் சிரித்தார்கள். தேநீர் பொங்கி அடுப்பில் வழிந்தது.

4

இந்த மாதிரி வருகைகள் முடியும்போது ஒரு சிறு புத்தகம் போடுவார்கள். நாலைந்து நாடுகளிலிருந்து வந்தவர்கள் பார்த்ததும் கற்றதும் அதில் இருக்கும். மருந்துக்கார அம்மாவைப் பற்றி அக்கா ஒரு பக்கம் எழுதி, விருந்தாளிக்கு வாசித்துக் காட்டினாள். அவர் கொட்டாவியை மறைக்கப் பார்த்தார்.

“இதுல ஆளே இல்லையே. இது யாரா வேணா இருக்கலாம்.”

“யாரா வேணா இருக்கணும்னுதான எழுதறோம்!”

“படிக்கறவங்க மனசுல நிக்கணும்ல? எங்க ஊர்ல இப்படி எழுதினா காத்தாடி ஓட விட்டுட்டுத் தூங்கிடுவாங்க.” என் பக்கம் திரும்பினார். நான் எழுதுவதை அவர் எப்படியோ கண்டுபிடித்திருந்தார். “தங்கச்சி, நீ சொல்லு. அவங்க பேசும்போது கையை என்ன பண்ணுவாங்க?”

சொன்னேன். பேருந்துச் சீட்டோ மருந்துச் சீட்டோ, கையில் அகப்பட்ட காகிதத்தை மடிப்பார். மடித்து மடித்து நகத்தளவு ஆக்கிவிடுவார். பிறகு அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் சுற்றிலும் பார்ப்பார்.*

“அதை எழுது!” என்று தரையில் தட்டினார் விருந்தாளி.

இரண்டு பக்கம் எழுதினேன். பேர், ஊர், வயது மூன்றையும் மாற்றினேன். அக்கா படித்துப் பார்த்தாள். “ஏய் ஊமைக்கோட்டான், இதெல்லாம் உள்ளயே வெச்சிருந்தியா?” என்றாள். அவள் கண் கலங்கியதை நான் மறக்க விரும்பவில்லை. மறந்தால் நல்லது என்றும் தெரிகிறது.

* காகிதம் மடிப்பது நிஜமல்ல; அன்று நான் சொன்னதும் புத்தகத்தில் எழுதியதும் வேறொரு பழக்கம். நிஜத்தை இங்கே எழுதி, பக்கத்தைக் கிழித்துவிட்டேன். அதனால் இந்தக் கதையில் மருந்துக்கார அம்மா கொஞ்சம் மங்கலாகத்தான் தெரிவார். ஜன்னலுக்குப் பின்னால் அவர் கொடுத்தது மாத்திரைதானா என்பதையும் நீங்கள் சந்தேகப்படலாம்.

5

கடைசி நாள் ஒரு வாடகை மண்டபத்தில் கூட்டம். குரல்வளம் உள்ள ஒரு பெண் என் பக்கங்களை மைக்கில் வாசித்தார். நான் பின்னால், அடுக்கி வைத்த நாற்காலிகளுக்குப் பக்கத்தில் நின்றேன். காகிதம் மடிக்கும் இடம் வந்ததும் மண்டபம் மூச்சைப் பிடித்துக்கொண்டது. பிறகு கைதட்டினார்கள்.

என் வாழ்க்கையிலேயே சந்தோஷமான நாள் அதுதான். [இந்த வாக்கியத்தை நான்கு முறை அடித்தேன். நான்கு முறையும் திரும்ப எழுதினேன்.]

மரியாதைக்காகப் புத்தகத்தின் ஒரு பிரதியைச் சுகாதார அலுவலகத்துக்கும் அனுப்பினார்கள். எப்போதும் அனுப்புவதுதான்.

6

பன்னிரண்டு நாள் கழித்து மருந்துக்கார அம்மா வந்தார். இந்த முறை முன்னறையிலேயே, ஜன்னலுக்கு நேராக உட்கார்ந்தார். இனி யார் பார்த்தால் என்ன?

“மலையடிவாரத்துக்கு மாத்திட்டாங்க. பஸ்ல ஆறு மணி நேரம். திங்கக்கிழமை போயி சேரணுமாம்.”

“எப்படிக்கா தெரிஞ்சுது? மூணையும் மாத்தினோமே!”

“மேலதிகாரி புத்தகத்தை மேஜையில விரிச்சு வெச்சாரு. ஒண்ணும் கேக்கல. ஒரு வெள்ளைக் காகிதத்தை என் முன்னால தள்ளி வெச்சுட்டு, ‘சும்மா உக்காருங்க’ன்னாரு. நான் பாவி, என்னை அறியாம அதை மடிச்சிட்டேன்.”

அக்கா தலையைப் பிடித்துக்கொண்டாள். மேல்முறையீடு, வழக்கறிஞர், பத்திரிகை என்று வரிசையாகச் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “அதெல்லாம் செய்யுங்க. நான் திங்கக்கிழமை போகணும்” என்றார்.

பிறகு சொன்னார்: “வீட்டுக்காரருக்கு அந்தப் புத்தகத்தை வாசிச்சுக் காட்டினேன். யாரைப் பத்தின்னு சொல்லல. ரெண்டாவது பக்கத்துல, ‘இது நீதானே’ன்னாரு. பார்வை போனதுக்கப்புறம் என்னைப் பார்த்த மாதிரி இருந்துச்சாம். நல்லா எழுதியிருக்காங்க. யாரு எழுதினது?”

நான் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

“ஆபீஸ்ல... எல்லாரும் சேர்ந்து எழுதினதுக்கா” என்றாள் அக்கா.

நான் வெளியே வரவில்லை.

7

விருந்தாளியைத் திட்டவேண்டும் என்று ஒரு பகுதி எழுதி வைத்திருந்தேன். சேர்க்கவில்லை. செய்தி தெரிந்ததும் அவர் தொலைபேசியில் அழுதார், அது நிஜமான அழுகை. தப்பை எழுதிவைத்தால் இன்னொருவர் தப்பிப்பார் என்று அவர் நம்புகிறார். அதுவும் சரிதான். ஆனால் எழுத உட்கார்ந்தால் மறுபடி மருந்துக்கார அம்மாவே வந்து நிற்கிறார். அதே நடை, அதே பேச்சு. அவரை விட்டுவிட்டு எழுதினால் கொட்டாவி வருகிறது. நன்றாக எழுதுவதற்கும் காட்டிக்கொடுப்பதற்கும் நடுவில் ஒரு கோடு இருக்கும் என்று இத்தனை பக்கம் தேடினேன். எனக்கு அது அகப்படவில்லை. உங்களுக்கு அகப்பட்டால் நல்லது.

அந்தத் திங்களுக்கு முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமை காலை, மருந்துக்கார அம்மா வீட்டுக்குப் போனேன். வாசலில் ஒரு சின்ன வண்டி. பின்பக்கம் மெத்தை விரித்து, கணவரைப் படுக்கவைத்திருந்தார்கள். கட்டிலின் ஒரு முனையை அந்த அம்மா தூக்கினார். மறுமுனையை நான் போய்ப் பிடித்தேன். வண்டியில் ஏற்றி வைத்ததும் சொன்னேன்:

“நான்தான் எழுதினேன்.”

முடிவு ஒன்று: “தெரியும்” என்கிறார். (எனக்கு வசதியான முடிவு.)

முடிவு இரண்டு: கன்னத்தில் அறைகிறார். (இதுவும் எனக்கு வசதிதான். வாங்கிக்கொண்டால் முடிந்துவிடும்.)

முடிவு மூன்று: வண்டிக்குள்ளிருந்து கணவர், “யாரும்மா அது, குரல் புதுசா இருக்கு?” என்று கேட்க, அவர் திரும்பி —

இல்லை. ஏதாவது ஒன்றை நீங்கள் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம், தடுக்க மாட்டேன். ஆனால் எதைத் தேர்ந்தெடுத்தாலும், அது அவரைக் கேட்காமல் நாம் எழுதியதாகத்தான் இருக்கும். நான் ஏற்கெனவே ஒருமுறை எழுதிவிட்டேன்.

நடந்ததை மட்டும் சொல்கிறேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். அந்தப் பார்வை எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியும், எழுதப்போவதில்லை. கட்டில் ஆடாமல் கயிற்றை இழுத்துக் கட்டினார். முடிச்சை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார். கணவரின் தலைமாட்டில் ஏறி உட்கார்ந்து, அவர் மேல் வெயில் விழாதபடி முந்தானையை விரித்துப் பிடித்தார். வண்டி கிளம்பியது.