கழுவி வைத்த லயம்

தெமோதரைச் சந்தியில் பஸ்ஸை விட்டிறங்கி, ஹாஷிம் லோயரைக் கூட்டிக்கொண்டு தேயிலைக்குள் ஏறும்போதே வேலாயிக்கு ஈரச் சாணி வாடை அடித்தது. வளைவு திரும்பியதும், தோட்டத்து ஆட்களின் வரிசை வீடுகளான லயம் கண்ணில் பட்டது. சுவருக்குப் புதுச் சுண்ணாம்பு. கூரைத் தகரம் கழுவி மினுங்கியது. வாசலுக்கு வாசல் கோலம். ஊர் கூடித் தேர் இழுத்த மாதிரி அத்தனை பேரும் விடியலிலேயே எழும்பி வேலை பார்த்திருக்கிறார்கள்.

லயத்துக்கு மேலே கல் உடைக்கிற கிரஷர் வந்து மூன்று வருஷம். அன்றிலிருந்து சோற்றில் தூசி, தொட்டிலில் தூசி, அவள் புருஷன் சின்னராசாவின் நெஞ்சில் தூசி. நாலு எட்டு நடந்தால் இருமி இருமிக் குந்திவிடுவான். லைசன்ஸ் கொடுக்கிற பதுளை ஆபீசுக்கு எழுதிப் போட்டதெல்லாம் கிணற்றில் போட்ட கல். கிரஷருக்கு லைசன்ஸ் மட்டும் வருஷா வருஷம் புதுசாகிக்கொண்டிருந்தது. கடைசியில் லயத்துச் சங்கம் அந்த ஆபீஸ் மேலேயே வழக்குப் போட்டது. ஆபீஸ்காரரும் உங்கள் லோயரும் சேர்ந்து போய்ப் பாருங்கள், பார்த்ததை எழுதிக் கொண்டுவாருங்கள் என்றது கோர்ட்டு. அது இன்றைக்கு.

இன்றைக்குக் கிரஷர்க்காரர்கள் மெஷினை நிறுத்திவைப்பார்கள் என்று வேலாயிக்குத் தெரியும். மூன்று வருஷத் தூசி ஒரே நாளில் எங்கே போய்விடும் என்றுதான் இருந்தாள். இப்போது பார்த்தாள். வாசல் கான் வழியே, கழுவின தண்ணீரோடு சாம்பல் நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

"வேலாயிம்மா, நான் கோர்ட்டுல சொன்ன தூசி எங்க?" என்றார் ஹாஷிம், மெல்ல.

வேலாயி, நாத்தனார் விஜயலெட்சுமியின் கையைப் பிடித்துத் தங்கள் காம்பரா அறைக்குள் இழுத்தாள்.

"யாரு கழுவச் சொன்னது?"

"ஏன், கோர்ட்டு ஐயாமாரு வரும்போது நாறக் கெடக்கணுமா? தோட்டத்துக்காரன் அழுக்கன்னு பதுளைக் கடையில ஏற்கெனவே சொல்றானுக. அத நாமளே கூப்பிட்டுக் காட்டணுமா?"

வேலாயிக்கு அவளை அறையலாம் போலிருந்தது. அந்தப் பேச்சைத் தானும் கடைத்தெருவில் கேட்டுக்கொண்டு நின்றவள்தான், அதனால் இன்னும் ஆத்திரம் வந்தது.

ஜீப் வந்தது. ஆபீசிலிருந்து ஸ்ரீஸ்கந்தராஜா இறங்கினார். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. நடந்து போய்ச் சுவரை ஒரு விரலால் தடவினார். விரலில் சுண்ணாம்புதான் ஒட்டியது.

"தூசி தூசி எண்டு கோட்டுக்கு வந்தனீங்கள். எங்க, ஒருக்கா காட்டுங்கோ பாப்பம்."

அப்போதுதான் வேலாயிக்கு ராக்கையின் மேல்தட்டு ஞாபகம் வந்தது. விருந்தாளிக்கென்று வைத்திருந்த பீங்கான் கோப்பை அங்கேதான் இருந்தது. யாருக்கும் எட்டாத உயரம். உள்ளே ஓடி, பெட்டி மேல் ஏறி இறக்கிப் பார்த்தாள். அடியில் தூசி மாவு போலப் படிந்து கிடந்தது. கழுவாமல் அதிலேயே தேத்தண்ணியை ஊற்றி, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தாள். ஜென்மத்தில் எந்த விருந்தாளிக்கும் அவள் செய்யாத காரியம். குடிக்கட்டும் என்று நினைத்தாள்.

வாசலில் விஜயலெட்சுமி கோப்பைக்குள் எட்டிப் பார்த்தாள். அவள் முகம் செத்துப்போனது. சட்டென்று பிடுங்கிக் கானில் கொட்டி, அலசி, வேறு தேத்தண்ணி ஊற்றி அவளே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டாள்.

"நல்ல சுத்தமா வச்சிருக்கிறியள்" என்று ஸ்ரீஸ்கந்தராஜா ரசித்துக் குடித்தார்.

சின்னராசாவுக்குச் சவரம் பண்ணி, கல்யாணச் சட்டை மாட்டி, நாற்காலியில் உட்கார்த்தியிருந்தார்கள். ஐயாவைக் கண்டதும் சுவரைப் பிடித்து எழுந்து நின்றான்.

"இவருக்குத்தான் வருத்தமோ? உடம்பு எப்பிடி?"

வேலாயி புருஷனின் முகத்தைப் பார்த்தாள். இரும வேண்டும். இந்த ஒரு தடவை, எல்லாச் சாமிக்கும் பொதுவாக, இரும வேண்டும். அவன் கழுத்து நரம்பு புடைத்தது. கண்ணில் தண்ணீர் முட்டியது. வாயை இறுக்கி, விழுங்கி,

"நல்லா இருக்கேங்க ஐயா" என்றான்.

ஸ்ரீஸ்கந்தராஜா எழுதிக்கொண்டார். ஹாஷிமும் பார்த்ததைத்தான் எழுதவேண்டியதாயிற்று.

ஜீப் வளைவில் மறைந்த பிறகுதான் சின்னராசா இருமினான். கல்யாணச் சட்டை நனைய இருமினான். விஜயலெட்சுமி ஓடிவந்து அண்ணனின் முதுகைத் தடவினாள். ஒருவரும் வேலாயியின் பக்கம் திரும்பவில்லை.

"அடுத்த கோர்ட்டுத் தவணைக்கு முந்தி ஒரு நாளைக்கு சொல்லாமக் கொள்ளாம வாறன்" என்று ஹாஷிம் போகும்போது அவளிடம் மட்டும் சொன்னார்.

பின்னேரம் கிரஷர் ஓடத் தொடங்கியது. காயாத சுண்ணாம்பில் தூசி நன்றாகவே ஒட்டியது. விளக்கு வைக்கிற நேரம் நெருங்க, விஜயலெட்சுமி வழக்கம்போல வாசல் கூட்ட விளக்குமாறோடு வந்தாள். வேலாயி அதைப் பிடுங்கினாள்.

"இனி எவளாவது இந்த வாசல்ல கைய வச்சா, இதாலேயே அடிப்பேன்."

விளக்குமாற்றை மடியில் குறுக்காக வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்தாள். கோலம் மெல்ல மறைந்துகொண்டிருந்தது. தலையில் விழுந்ததைக்கூட அவள் தட்டிவிடவில்லை.