விளக்குக்குப் பின்னால் இருந்தவள்

கடைசி வாரத்தில் வந்த பூங்கொத்துகளை வைக்க இடம் போதவில்லை. ஜன்னல் மேடை நிறைந்தது, அலமாரியின் தலை நிறைந்தது, கடைசியாக வந்த ஒன்று பாத்திரம் கழுவும் தொட்டிக்குள் போய் நின்றது. எல்லாவற்றிலும் செருகியிருந்த அட்டைகள் இளையவளுக்கு எழுதப்பட்டவை. மூத்தவள் ஒவ்வொன்றாக எடுத்துப் படித்தாள். தனக்கென்று ஒரு வரியும் இருக்காது என்று தெரிந்தே படித்தாள். ஆறாத புண்ணைச் சொறிவதில் ஒரு சுகம் இருக்கிறதே, அது.

மூத்தவளும் இளையவளும் ஓரகத்திகள். அண்ணனையும் தம்பியையும் கட்டிக்கொண்டு ஒரே வீட்டுக்கு வந்தவர்கள். மூத்தவள் பத்திரிகை நிருபராக இருந்தவள், இளையவள் தொலைக்காட்சியில் செய்தி வாசித்தவள். மூக்குக்கண்ணாடிக் கடை ஒன்றின் மாடியில் இரண்டு அறைகளைப் பிடித்து, பேட்டி கொடுக்கத் தெரியாதவர்களுக்கு அதைச் சொல்லித்தரும் தொழிலை ஆரம்பித்தார்கள். ஓரகத்திகள் சேர்ந்து கடை வைத்தால் ஆறு மாதம் தாங்குமா என்று உறவில் பந்தயம் கட்டினார்கள். கட்டியவர்களில் பாதிப் பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், கடை நிலைத்து நின்றது.

இப்போதுதான் நிலைக்க முடியவில்லை. பெரிய கம்பெனிகள் இதற்கென்றே ஆளைச் சம்பளத்துக்கு வைத்துக்கொண்டன. சின்னவர்கள் கைப்பேசியை நிறுத்திவைத்து அதன் முன்னால் தாங்களே பேசிப் பார்த்துக்கொண்டார்கள். படியேறி வருபவர்கள் குறைந்துகொண்டே போக, மூடிவிடலாம் என்று இருவரும் சேர்ந்துதான் முடிவெடுத்தார்கள். அதில் சண்டை ஒன்றுமில்லை.

அவர்கள் வேலை செய்த விதத்தைச் சொன்னால்தான் மூத்தவளின் வயிற்றெரிச்சல் புரியும். முதல் அறையில் ஒரு நாற்காலி, அதற்கு நேர் எதிரே ஒரு பெரிய விளக்கு. விளக்குக்குப் பின்னால் கேமரா, கேமராவுக்குப் பின்னால் மூத்தவள். நாற்காலியில் உட்கார்ந்தவருக்கு வெளிச்சத்தைத் தவிர ஒன்றும் தெரியாது. இருட்டிலிருந்து ஒரு குரல் மட்டும் வரும். முதலில், “ஆரம்பிக்கலாமா?” என்று கேட்கும். பிறகு ஆளைக் குடைந்தெடுத்துவிடும். உங்கள் பஸ்ஸில் பிரேக் பிடிக்காது என்று டிரைவர் போன மாதமே எழுதிக் கொடுத்தாரே, அந்தக் காகிதம் எங்கே? நேற்று இல்லை என்றீர்கள், இன்று இருக்கிறது என்கிறீர்கள், இரண்டில் எது பொய்? கோட்டு சூட்டோடு வந்தவர்கள் தொப்பலாக நனைந்து எழுந்திருப்பார்கள்.

எழுந்தவர் போவது இரண்டாவது அறைக்கு. அங்கே இளையவள் தண்ணீர் டம்ளரோடு காத்திருப்பாள். எதிரில் உட்கார மாட்டாள், சோபாவில் பக்கத்தில் உட்காருவாள். எடுத்த படத்தைப் போட்டுக் காட்டுவாள். எந்தக் கேள்வியில் கை தானாகக் கடிகாரத்துக்குப் போயிற்று, எங்கே கண் தரைக்கு இறங்கிற்று என்று படத்தை நிறுத்தி நிறுத்திக் காட்டிவிட்டு, “பரவாயில்லை. முதல் தடவை எல்லாருக்கும் இப்படித்தான்” என்பாள். கையை முழங்காலில் வை, தாடையைக் கொஞ்சம் இறக்கு, மூச்சை இழுத்துவிட்டுப் பேசு என்று சொல்லித் திரும்ப நாற்காலிக்கு அனுப்புவாள்.

மூத்தவளின் முகத்தை யாரும் பார்க்கக் கூடாது. மற்றவர்கள் வருமுன் பின்படி வழியாக வந்து, எல்லோரும் போனபின் பின்படி வழியாகவே போவாள். இது அவளே போட்ட சட்டம். ஆரம்பத்தில் ஒரு சோப்புக் கம்பெனி முதலாளி அவளோடு டீ குடித்து, பிள்ளைகள் படிப்பைப் பற்றியெல்லாம் பேசிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். எதைக் கேட்டாலும் சம்பந்தி வீட்டுக்கு வந்தவர்போல இளித்தார். அடுத்த வாரம் நிஜ நிருபர்களிடமும் அப்படியே இளித்து, அவர்கள் அவரை நார்நாராகக் கிழித்துவிட்டார்கள். பயப்படுவதற்கு முகம் தெரிந்த ஆள் உதவாது என்று அன்றைக்குத்தான் மூத்தவள் விளக்குக்குப் பின்னால் போனாள்.

அடித்தவள் ஒருத்தி, அணைத்தவள் ஒருத்தி. பேட்டியில் நன்றாகப் பேசிவிட்டு வந்தவர்கள் அணைத்தவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள். சட்டம் தன்னுடையது என்பதால் மூத்தவள் யார் மேலும் குறை சொல்ல முடியவில்லை. குறை சொல்ல முடியாத பொறாமை உள்ளேயே கிடந்து புகைந்தது.

அந்தப் புகை தீயானது பூவால் அல்ல, ஒரு செய்தியால். தனியார் ஆஸ்பத்திரி நடத்தும் ஒருவர் அவர்களிடம் படித்தவர். தன் டாக்டர்களுக்கெல்லாம் பயிற்சி கொடுக்க இளையவளைக் கூப்பிட்டிருக்கிறாராம். அவளை மட்டும். இதைத் தம்பி அண்ணனிடம் சொல்ல, அண்ணன் சாப்பாட்டு மேஜையில் உப்பு கேட்கிற மாதிரி மூத்தவளிடம் சொன்னார். இளையவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நாள் முழுக்க ஒரே மாடியில் இருவரும் அட்டைப்பெட்டிகளைக் கட்டிக்கொண்டிருந்தார்கள், நாடா ஒட்டுவதற்கு மாறி மாறி விரல் கொடுத்தார்கள், வாயைத் திறக்கவில்லை அவள்.

“பொறாமையா இருக்கா?” என்று கேட்டார் கணவர்.

“எனக்கென்ன பொறாமை” என்றாள் மூத்தவள், தோட்டுத் திருகாணியைத் திருகிக்கொண்டே. “நல்லா இருந்தாச் சரி.” அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியவருக்கு எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரியும்.

படுத்தால் தூக்கம் வரவில்லை. வேலை போனதல்ல அவளை அரித்தது. சட்டி பானையைக் கழுவி வைக்கிற மாதிரி தன்னை அந்த மாடியில் கழுவி வைத்துவிட்டு, இவள் மட்டும் கையை வீசிக்கொண்டு அடுத்த இடத்துக்குப் போகிறாளே, அதுதான். கேள்வி இல்லாமல் ஏது பதில்? என் கேள்வியில் வெந்தவர்களுக்கு இவள் தண்ணீர் கொடுத்தாள். தண்ணீருக்கு இவ்வளவு மரியாதை!

பழைய மாணவர்கள் ஒரு மாலை விடைகொடுக்க வருவதாகச் சொன்னபோது மூத்தவள் ஒன்றைத் தீர்மானித்தாள். பின்படியில் இறங்கிப் போகப் போவதில்லை. அவர்கள் நடுவில் நிற்பாள், ஆனால் தானாக வாய் திறக்க மாட்டாள். யாராவது ஒருவராவது நீங்கள் யார் என்று கேட்கிறார்களா, பார்த்துவிடலாம்.

வந்தார்கள். பஸ் கம்பெனிக்காரர், தண்ணீர் இலாகா அதிகாரி, பள்ளிக்கூடம் நடத்தும் அம்மாள், ஆஸ்பத்திரிக்காரர், இன்னும் பலர். இளையவளைச் சுற்றி நின்றுகொண்டார்கள். ஒருவர் அவளால்தான் தன் மானம் தப்பியது என்றார். இன்னொருவர் அந்தத் தண்ணீர் டம்ளரை மறக்கவே முடியாது என்றார். மூத்தவள் தட்டில் டீ எடுத்துக்கொண்டு போனாள். எடுத்துக்கொண்டார்கள், தலையாட்டினார்கள், முகத்தைப் பார்க்கவில்லை. தண்ணீர் இலாகா காலிக் கோப்பையைத் திரும்ப அவள் கையிலேயே கொடுத்தது. மூத்தவள் ஒருநாள் கேள்வி கேட்டு அழவைத்த ஆள்தான் அவர், கைக்குட்டையை இளையவளிடமிருந்து வாங்கிக்கொண்டவர்.

பஸ் கம்பெனிக்காரர் தன் கைப்பேசியை நீட்டினார். “அம்மா, மேடத்தோட எங்களை ஒரு போட்டோ எடுத்துக் கொடுங்களேன்.”

வாங்கிக்கொண்டாள். எல்லோரும் வரிசையாக நின்றார்கள், நடுவில் இளையவள் சிரித்துக்கொண்டு. மூத்தவள் கைப்பேசியைக் கொஞ்சம் நகர்த்தினாள். இன்னும் கொஞ்சம் நகர்த்தினாள். பள்ளிக்கூடத்து அம்மாள் நடுவுக்கு வந்தாள், இளையவள் ஓரத்துக்குப் போய், ஒரு காதும் ஒரு தோளும் மட்டும் மிஞ்சினாள். எடுத்துவிட்டாள். நெஞ்சுக்குள் குளுகுளுவென்று இருந்தது, பொய் சொல்வானேன்.

பஸ்காரர் வாங்கிப் பார்த்து, மேடம் பாதிதான் வந்திருக்கிறார், இன்னொன்று எடுங்கள் என்று பணிவாகத் திருப்பிக் கொடுத்தார். திரும்ப நின்றார்கள். ஒருவர் பேசிக்கொண்டே இருந்தார், ஒருவர் அந்தப் பக்கம் பார்த்தார். மூத்தவளுக்குப் பொறுமை போய்விட்டது. வாய் தானாகத் திறந்துகொண்டது.

“எல்லாரும் இங்க பாருங்க. ஆரம்பிக்கலாமா?”

அறை அப்படியே அடங்கியது. வரிசையில் இருந்த அத்தனை பேரின் முதுகும் நிமிர்ந்தது. கட்டியிருந்த கைகள் பிரிந்து இறங்கின, தாடைகள் இறங்கின, எல்லோரும் ஒன்றாக மூச்சை இழுத்தார்கள். யாரும் சொல்லிச் செய்யவில்லை. கைப்பேசித் திரையில் அந்த வரிசையைப் பார்த்துக்கொண்டு நின்ற மூத்தவள் பட்டனை அழுத்த மறந்தாள்.

“நீங்கதானாம்மா அது?” என்றார் பஸ்காரர். இன்றைக்கும் ஒரு கஷ்டமான போனை எடுக்குமுன் அந்த ஒரு வார்த்தை காதில் கேட்கிறதாம், அப்புறம்தான் எடுக்கிறாராம். தண்ணீர் இலாகா தானே போய்க் கோப்பையை வாங்கிக் கழுவி வைத்தது. எல்லோரும் கும்பிட்டார்கள், ஆனால் இரண்டடி தள்ளி நின்று. பல் பிடுங்கிய டாக்டரைக் கடைத்தெருவில் பார்த்தவர்கள்போல ஒரு மரியாதை, ஒரு விலகல். ஒருவரும் கிட்டே வரவில்லை.

ஆஸ்பத்திரிக்காரர் சிரித்துக்கொண்டே போட்டு உடைத்தார். “மேடத்துக்கிட்ட அப்பவே சொல்லிட்டேன். எங்க டாக்டருங்களுக்கு நீங்க மட்டும் வாங்க, அந்தக் குரல் மட்டும் வேண்டாம்னு. பாருங்க, எனக்கு இன்னும் உள்ளங்கை வேர்க்குது.” எல்லோரும் சிரித்தார்கள். இளையவள் தரையைப் பார்த்தாள்.

அவர்கள் இறங்கிப் போனதும் இருவரும் கோப்பைகளை அடுக்கினார்கள். மறுநாள் ஆள் வந்து விளக்கையும் கேமராவையும் நாற்காலியையும் எடுத்துப் போய்விடுவான். மூத்தவளுக்கு அதுவரை பொறுக்கவில்லை.

“என்ன பதில் சொன்னே அவருக்கு?”

“யோசிச்சுச் சொல்றேன்னேன்.”

“யோசிச்சாச்சா?”

இளையவள் மூச்சை இழுத்துவிட்டுப் பேசினாள். “போகணும்னு ஆசையா இருக்குக்கா.”

மழுப்புவாள் என்று எதிர்பார்த்திருந்த மூத்தவளுக்கு இந்த நேர் பதில் கன்னத்தில் விழுந்தது. இளையவள் நிறுத்தவில்லை. “ஆனா அங்க நான்தான் கேள்வியும் கேட்கணும். எனக்கு அது வராது. உங்களை வேண்டாம்னு சொன்னவர்கிட்டப் போறதுக்கு, உங்ககிட்டயே வந்து சொல்லிக் கொடுங்கன்னு எந்த வாயால கேட்கறது? அதான் சொல்லலை.” துடைத்த கோப்பையையே திரும்பத் துடைத்தாள். “சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து உங்க கேள்விங்களைக் கேட்டுட்டே இருந்திருக்கேன். ஒரு தடவையாவது அந்த இடத்துல உட்காரணும்னு எனக்கு ஆசைக்கா. நான் என்ன, தண்ணிதானே கொடுத்தேன்.”

பூவெல்லாம் வாங்கியவளுக்கு இதுவும் வேண்டுமா என்று மூத்தவளுக்கு முதலில் பற்றிக்கொண்டு வந்தது. பிறகு தான் படுத்துக்கொண்டு நினைத்த அதே தண்ணீரை இவளும் நினைத்திருக்கிறாளே என்று ஒரு கணம் திகைத்தாள். திகைப்பைக் காட்டிக்கொள்ளாமல் முதல் அறைக்குப் போய் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“விளக்கைப் போடு. என்னைக் கேளு, பார்ப்போம்.”

வெளிச்சம் முகத்தில் அறைந்தது. இத்தனை வருஷம் தான் ஏற்றிய விளக்கு இவ்வளவு சுடும் என்று அவளுக்குத் தெரியாது. எதிரே ஒன்றுமில்லை, இருட்டு. “ஆரம்பிக்கலாமா?” என்றது இருட்டு, கொஞ்சம் கூச்சத்தோடு. தொழிலை மூடுவது வருத்தமாக இருக்கிறதா என்று கேட்டது. அது கேள்வி இல்லை, துக்கம் விசாரிப்பது என்றாள் மூத்தவள். அடுத்து என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டது. அதையும் தள்ளினாள். எதிரில் இருப்பவர் எதைக் கேட்கக் கூடாது என்று நினைக்கிறாரோ அதைக் கேட்க வேண்டும், உனக்கு அந்தத் துணிச்சல் கிடையாது என்றாள்.

இந்தத் தடவை இருட்டு கூச்சப்படவில்லை.

“போட்டோல என்னைப் பாதி வெட்டினது தெரியாமலா, தெரிஞ்சா?”

“தெரியாம. கை நகர்ந்துடுச்சு.”

“என் மேல உங்களுக்குப் பொறாமையா?”

“இல்லை.”

விளக்கு அணைந்தது. இளையவள் அவள் கையைப் பிடித்து இரண்டாவது அறைக்குக் கூட்டிப் போனாள். சோபாவில் உட்கார வைத்தாள். தண்ணீர் கொடுத்தாள். பக்கத்தில் உட்கார்ந்து படத்தைப் போட்டாள்.

திரையில் மூத்தவள் இருந்தாள். தான் நினைத்ததைவிட வயதான, தான் நினைத்ததைவிடப் பயந்த ஒருத்தி. போட்டோவைப் பற்றிக் கேட்டதும் அவள் வலது கை எழுந்து தோட்டுத் திருகாணியைத் திருகியது. பொறாமையா என்றதும் மறுபடி எழுந்து, இல்லை என்று சொல்லி முடியும்வரை திருகியது. இப்படி ஒரு கை தனக்கு இருப்பது மூத்தவளுக்கே தெரியாது. இளையவள் படத்தை அந்த இடத்தில் நிறுத்தினாள். கையைச் சுட்டிக்காட்டக்கூட இல்லை.

“பரவாயில்லக்கா” என்றாள். “முதல் தடவை எல்லாருக்கும் இப்படித்தான்.”

சுவர் வழியாக எத்தனையோ தடவை கேட்டு, எத்தனையோ தடவை உதட்டைச் சுழித்த வாக்கியம். தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்து கேட்டபோது மூத்தவளின் கண் நிறைந்துவிட்டது. தனக்கு முன்னால் இந்தச் சோபாவில் உட்கார்ந்து இதைக் கேட்டுவிட்டுப் போன அத்தனை பேர் மேலும் அவளுக்குப் பொறாமையாக இருந்தது. தண்ணீரைக் கடைசிச் சொட்டு வரை குடித்து டம்ளரைக் கொடுத்துவிட்டு எழுந்தாள்.

முதல் அறைக்குப் போனாள். நாற்காலியில் உட்கார்ந்தாள். இரண்டு கைகளையும் முழங்காலில் வைத்துக்கொண்டாள்.

“மறுபடியும் கேளு” என்றாள்.