மேஜரின் வலது முட்டி

விசில் சத்தம் கேட்டால் மருமகள் கை வேலையை அப்படியே போட்டுவிட்டு ஓட வேண்டும். ஒரு ஊதல் என்றால் காபி, இரண்டு என்றால் ரிமோட், மூன்று என்றால் ஜன்னலைச் சாத்து. மாமியார் முப்பத்தோரு வருஷம் பள்ளிக்கூட மைதானத்தில் பிள்ளைகளை ஓடவிட்ட பி.டி. டீச்சர். பட்டப்பெயர் மேஜர். வலது முட்டியை ஆபரேஷனில் மாற்றியதிலிருந்து நாற்காலியைவிட்டு அசைய மாட்டேன் என்று ஒரே அடம்.

"இடது முட்டியாவது தேயாம கிடக்கட்டும்."

"நடக்கணும்மா, நடந்தாத்தான் நல்லது" என்று டாக்டர் தலைபாடாக அடித்துக்கொண்டது காற்றோடு போயிற்று.

ஆனால் மேஜர் ஒரு நல்ல காரியம் செய்தார். வெட்டியெடுத்த முட்டியிலிருந்த குருத்தெலும்பை, மருமகள் வேலை பார்க்கும் ஆய்வகத்துக்கே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து தினம் சாயங்காலம் ஒரே கேள்விதான்.

"என் பசங்க எப்படி இருக்காங்க?"

எப்படிச் சொல்வாள், பாவம்! அந்தப் பசங்க மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டல்லவா கிடந்தார்கள்!

குருத்தெலும்பு செல் மாதிரி ஒரு சங்கோஜப் பிராணி கிடையாது. ரத்தக்குழாய் இல்லை, நரம்பு இல்லை, பேச்சுத் துணைக்குப் பக்கத்தில் ஆளும் இல்லை. தன்னைச் சுற்றித் தானே ஒரு வழவழப்பான சுவரைக் கட்டிக்கொண்டு, அதற்குள் தனியாக உட்கார்ந்து, அதைப் பராமரிப்பதுதான் ஆயுசுக்கும் வேலை. மூட்டு நோய் வந்தால் அதற்குப் புத்தி பிசகிவிடும். கட்டிய சுவரைத் தானே அரிக்க ஆரம்பிக்கும். அரித்து முடித்தால் எலும்போடு எலும்பு உரசும், மேஜர் "ஐயோ" என்பார். பிசகின புத்தியைத் திருப்ப முடியுமா என்று பார்ப்பதுதான் மருமகளின் மூன்று வருஷ உழைப்பு.

அந்தச் செல்களைத் தட்டுகளில் ஜெல்லி வில்லைக்குள் குடிவைத்தாள், தீனி போட்டாள், ஆள் இல்லாத நேரத்தில் கெஞ்சியும் பார்த்தாள். சாயம் ஊற்றினால், சுவர் எழும்பிய இடமெல்லாம் சிவக்க வேண்டும். சிவந்தால்தானே! ஆய்வகத்தின் தலைவி, யாருக்கும் ஏழு நிமிஷத்துக்கு மேல் கொடுக்காத ஸ்டாப்வாட்ச் அம்மாள், கறாராகச் சொல்லிவிட்டார்.

"ரெண்டு வாரம் கழிச்சு வெள்ளிக்கிழமை பதினோரு மணி. சிவப்பைக் காட்டு. இல்லேன்னா இந்த வேலையை இழுத்து மூடிடலாம்."

இந்த நேரம் பார்த்து மேஜர் காய்ச்சலில் படுத்தார். மருமகளுக்குப் பத்து நாள் லீவு. பக்கத்து மேஜைக்காரர் இதய செல்களோடு மாரடிக்கிற மனிதர். "கவலைப்படாதீங்க, உங்க தட்டுகளுக்கும் நானே தீனி மாத்திடறேன்" என்றார். எல்லாருக்கும் தீனி ஒரே பெரிய பாட்டிலிலிருந்துதான்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வந்து, செல் வளர்க்கும் வெதுவெதுப்புப் பெட்டியைத் திறந்தாள். இரண்டு தட்டில் ஒன்றுதான் இருந்தது.

பெட்டி பெட்டியாகத் துழாவினாள். கடைசியில் இதயக்காரரின் பெட்டியில், அவருடைய மெஷினுக்கு அடியில் அகப்பட்டது. இதயத் துடிப்புக் கணக்கில் நொடிக்கு ஒரு தடவை மெதுவாக அமுக்கிவிடும் மெஷின் அது. தினம் மூன்று மணி நேரம் அமுக்கும், மீதி நேரம் சும்மா இருக்கும். தொபுக், தொபுக் என்று மேஜரின் பசங்கள் மிதி வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

"சார்! என்ன சார் பண்ணி வச்சிருக்கீங்க!"

"ஆரஞ்சு டேப் ஒட்டியிருந்ததே! என்னுதுன்னு நினைச்சேங்க!"

அந்த ஆய்வகத்தில் டேப் நிறம்தான் வேதம், எழுதியிருப்பதை ஒருத்தரும் படிக்க மாட்டார்கள். அவளுக்கு மஞ்சள், அவருக்கு ஆரஞ்சு. லீவுக்கு முந்தின நாள் மஞ்சள் தீர்ந்துபோக, ஒரே ஒரு தட்டுதானே என்று ஆரஞ்சை ஒட்டியது யார்? சாட்சாத் இந்த மகராசிதான்.

அழுகையும் ஆத்திரமுமாக இரண்டு தட்டிலிருந்தும் வில்லைகளைச் சீவினாள், சாயம் ஊற்றினாள், கழுவினாள். முதலில் மஞ்சள் டேப் தட்டை மைக்ராஸ்கோப்பில் பார்த்தாள். வெளிறிப்போய்க் கிடந்தது. மணி பத்தே முக்கால். ஆனது ஆகட்டும் என்று ஆரஞ்சைச் செருகிக் கண்ணை வைத்தாள்.

சிவப்பு! செக்கச்செவேல் என்று, ஒவ்வொரு செல்லைச் சுற்றியும் ஒரு சிவப்பு வளையம்!

"அடி ஆத்தி!" என்று கத்தியதில் இதயக்காரர் சொட்டுவிடும் பைப்பெட்டைக் கீழே போட்டார். அவரையும் இழுத்துக் கண்ணை வைக்கச் சொன்னாள். இரண்டு பேரும் கையுறையோடு குதியோ குதி என்று குதித்தார்கள். ஸ்டாப்வாட்ச் அம்மாள் கதவருகே வந்து நின்றதைக்கூடக் கவனிக்கவில்லை.

அம்மாள் பார்த்தார். ஏழு நிமிஷம் தாண்டியும் கண்ணை எடுக்கவில்லை. தட்டு தன் மெஷினுக்கு அடியில் இருந்ததை இதயக்காரர் சொல்லிவிட்டார்.

"அமுக்கணும்னு எப்படித் தோணிச்சு உனக்கு?"

பொய் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. மூன்று வருஷ உழைப்பாயிற்றே! விழுங்கிக்கொண்டாள்.

"தோணலை மேடம். டேப் தீர்ந்துபோச்சு."

அம்மாள் சிரித்து அன்றுதான் எல்லாரும் பார்த்தார்கள். "ஒரு தட்டை வச்சு ஊரைக் கூட்ட முடியாது. இனிமே வேணும்னே அமுக்கு, இருபது தட்டு. மெஷினை ரெண்டு பேரும் பங்கு போட்டுக்கோங்க."

மருமகள் மாடிப்படிக்கு ஓடிப்போய் போன் போட்டாள்.

"அத்தை! உங்க பசங்க சுவர் கட்டிட்டாங்க!" மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் கொட்டினாள்.

"சரி, அந்த இன்னொரு தட்டு? சும்மா உக்காந்திருந்ததே?"

"அது அப்படியே வெளுத்துக் கிடக்கு அத்தை."

மருமகள் அவசரமாகச் சேர்த்தாள். "தட்டு வேற, முட்டி வேற அத்தை. ஆனா டாக்டரும் உங்ககிட்ட..."

நாற்காலி கிறீச்சிட்டது. அப்புறம் காது கிழிய ஒரே ஒரு நீள ஊதல். வீட்டு விதிகளில் அப்படி ஓர் ஊதலே கிடையாது.

"இது எதுக்கு அத்தை?"

"உனக்கில்லடி, எனக்கு. போனை வை, நான் நடந்துட்டு வரேன்."